நாற்பது தாள், ஒரே பெட்டி

— அக்கா, இந்தக் காகிதத்தை எல்லாம் தரையிலேர்ந்து எடு. டைல்ஸ் ஒட்டக் குழைச்ச பசை காயுது.

— மிதிச்சிடாதடா! நாப்பது தாள், ஒரு வருஷ உழைப்பு. மூணு மணிக்குள்ள ஆராய்ச்சிப் பத்திரிகைக்குக் கட்டுரை போயாகணும்.

— கட்டம் கட்டமா என் டைல்ஸ் மாதிரியே இருக்கு. நடுநடுவுல கறுப்பு எதுக்கு?

— ஒவ்வொரு கட்டத்துக்கும் நாலு ஓரம். ஓரத்துக்கு ஓரம் பிளஸ், இல்லைன்னா மைனஸ். நாலையும் பெருக்கினா பிளஸ் வந்தாத்தான் கட்டத்துக்குப் பிடிக்கும். கறுப்புக் கட்டம் மட்டும் கோணல்புத்தி. மைனஸ்தான் வேணுங்கும்.

— நம்ம மாமா மாதிரி.

— அவரேதான். இந்தத் தாள் ஒரு பொருளோட ஒரு சீவல்னு வச்சுக்கோ. கறுப்பே இல்லாம அந்தப் பொருளைச் சூடேத்திக்கிட்டே போனா, ஒரு கட்டத்துக்கு மேல ஒழுங்கு மொத்தமும் சட்டுனு குலைஞ்சிடும். கொஞ்சம் கறுப்பைத் தூவிட்டா என்னாகும்? அதான் என் கேள்வி.

— என்னாச்சு?

— மெல்ல மெல்லக் குலையுதுடா! கம்ப்யூட்டர்ல நாப்பது தடவை வேற வேற இடத்துல தூவிப் பாத்தேன். விடையில மயிரிழை வித்தியாசம்கூட இல்ல.

— எல்லாரும் ஒத்துக்கிறாங்களா?

— ஒருத்தர் மட்டும், கறுப்பு இருந்தாலும் சட்டுனுதான் குலையும்னு எழுதியிருந்தார். போன மாசம் அவர் கட்டுரையைத் தப்புன்னு திருப்பி அனுப்பியாச்சு.

— யாரு அனுப்பினது?

— பத்திரிகைக்காக அதைப் படிச்சு, சரியா தப்பான்னு சொல்ல ஒருத்தர் இருப்பாங்க. பேரை வெளிய விடமாட்டாங்க. நீ தாளை எடு, வரிசை மாறாம.

— மாறினா உனக்கு எப்படித் தெரியும்?

— ஏன் தெரியாது?

— எல்லாம் ஒண்ணாத்தானே இருக்கு. இந்த மூலையில மூணு கறுப்பு. இதுலயும் மூணு, அதே மூலை. இதோ, இதுலயும். நாங்க நாலு பெட்டியைப் பிரிச்சுக் கலந்துதான் டைல்ஸ் எடுப்போம், நிறம் திட்டுத்திட்டாத் தெரியக்கூடாதுன்னு. நீ ஒரே பெட்டியிலேர்ந்து எடுத்திருக்கே.

— கொண்டா இங்க. அய்யய்யோ!

— என்னக்கா?

— தூவறதுக்குக் கம்ப்யூட்டருக்கு ஒரு ஆரம்ப எண் கொடுக்கணும். ஒவ்வொரு தடவையும் அதை மாத்தணும், இல்லைன்னா அதே இடத்துலயே தூவும். சும்மா சரிபாக்க என் பிறந்த தேதியைப் போட்டு வச்சேன். எடுக்க மறந்துட்டேன்டா.

— அப்போ நாப்பது இல்லையா?

— ஒண்ணுதான். ஒரே தூவலை நாப்பது தடவை ஓட்டியிருக்கேன்.

— சரி, நிஜத்துல மெல்லவா, சட்டுனா?

— தெரியலையே! இனிமேதான் பாக்கணும்.

— வயித்தெரிச்சல்ல இருப்பேன்னு பாத்தா, கண்ணு மின்னுது உனக்கு. மூணு மணிக்கு என்ன பண்ணுவே?

— அனுப்ப மாட்டேன். போனை எடு, முதல்ல அவர்கிட்ட பேசணும்.

— தப்புன்னு திருப்பி அனுப்பினாங்களே, அவர்கிட்டயா? அனுப்பினவங்க பேசட்டும், உனக்கென்ன?

— பேரு வெளிய விடாத அந்த ஆளு நான்தான்டா. இந்த நாப்பது தாளை நம்பித்தான் அவரைத் தப்புன்னு எழுதினேன்.