தொட்டது அவள்தான்

சிப்பிக் காளானை அறுத்த பிறகு கழுவக் கூடாது சார். தண்ணீர் பட்டால் சாயங்காலத்துக்குள் கொழகொழத்துவிடும். என் மனைவிக்கு இதைச் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம்.

வீட்டுக்குப் பின்னால்தான் கொட்டகை. அவித்த வைக்கோலை அடைத்த பைகள் இரும்புக் குழாய்களில் வரிசையாகத் தொங்கும். பத்து வருடம் நாங்கள் இருவர் மட்டுமே வேலை பார்த்தோம். ஒருமுறை பைகளில் நூற்புழு வந்துவிட்டதோ என்று பயந்து, ஒரு பிடி வைக்கோலை வேளாண் ஆய்வகத்துக்கு எடுத்துப் போனேன். அங்கிருந்த அம்மா சிரித்துவிட்டார்.

"புழுவால உங்க காளானுக்கு ஆபத்தில்லைங்க. காளானாலதான் புழுவுக்கு ஆபத்து. வந்து பாருங்க."

மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். காளானின் வெள்ளை இழையில் காம்பு வைத்த குட்டிக் குட்டி உருண்டைகள். நெளிந்து வந்த புழு ஒன்று தலையால் ஓர் உருண்டையை இடித்தது. உருண்டை உடைந்து விஷம் பட்டதும், சில நிமிடங்களில் புழுவால் அசைய முடியவில்லை. பிறகு இழைகள் அதன் உடம்புக்குள் நுழைந்து நிதானமாகச் சாப்பிடுமாம். வைக்கோலில் இருக்கிற சத்து காளானுக்குப் போதாது, பாவம், அது என்ன செய்யும்? காளான் யாரையும் துரத்திப் போகவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்திருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு காலையில் என் மனைவி பெட்டியோடு கொட்டகைக்கு வந்தாள். அக்கா வீட்டுக்குப் போகிறாளாம், இனி வர மாட்டாளாம். நான் துருப்பிடித்த குழாய் ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தேன். என் தோளில் கை வைத்தாள்.

"உங்களோட மூச்சு முட்டுதுங்க. என்னை விட்டுடுங்க. வேளாவேளைக்குச் சாப்பிடுங்க."

தொட்டது அவள்தான். இதை எழுதிக்கொள்ளுங்கள்.

அவள் வாசல் பக்கம் திரும்பியதும் குழாயால் முதுகில் அடித்தேன். விழுந்தவள் கையை ஊன்றித் தவழ்ந்தாள். அதே இடத்தில் இன்னும் இரண்டு போட்டேன். எலும்பு உடைகிற சத்தம் கேட்டதும் நிறுத்திக்கொண்டேன். நான் ஒன்றும் வெறிபிடித்தவன் இல்லை. ஏணியிலிருந்து விழுந்துவிட்டாள் என்றேன். எல்லோரும் நம்பினார்கள்.

அதன் பிறகு கால் விளங்காமல் படுக்கையில் கிடந்த அவளை எப்படிப் பார்த்துக்கொண்டேன் என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். குளிப்பாட்டினேன், தலை வாரினேன், மூன்று வேளையும் ஊட்டிவிட்டேன். "இப்படி ஒரு புருஷன் கிடைக்கக் கொடுத்துவச்சிருக்கணும்" என்று அவள் அக்காவே அழுதாள். நாக்குக்கு ஒரு குறையும் இல்லை என்றார் டாக்டர். ஆனாலும் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அவ்வளவு நிறைவாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

போன மாதம் அவள் காலைத் துடைக்கும்போது பெருவிரல் அசைந்தது. அவளும் கவனித்துவிட்டாள், சட்டென்று கண்ணை மூடிக்கொண்டாள். குப்புறப் புரட்டிப் போட்டுவிட்டுப் போய் அதே குழாயை எடுத்து வந்தேன். இந்த முறை ஒரே அடிதான். அன்றைக்கும் சோற்றை ஆறவைத்துத்தான் ஊட்டினேன்.

நேற்று நான் சந்தைக்குப் போயிருந்தபோது, முதுகுப் புண்ணுக்கு மருந்து போட வந்த நர்ஸிடம் அவள் வாய் திறந்துவிட்டாள் என்கிறீர்கள். அவள் சொன்னதெல்லாம் உண்மை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

நீங்கள் படித்துக் காட்டியதில் ஒன்று மட்டும் விட்டுப்போயிருக்கிறது. நேற்றிலிருந்து நான் பட்டினி. நான் சாப்பிட்டேனா என்று அவள் கேட்டாளா சார்?