ஒரே பெட்டியில் எல்லாம்

டிவிக்குப் பின்னால் ஒரு கம்ப்யூட்டரை வைத்து எல்லாவற்றையும் அதிலேயே பார்த்துக்கொள்வதா, பாட்டுக்கும் படத்துக்கும் தனித்தனிப் பெட்டி வாங்குவதா என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். நான் யாருக்கும் தவறான யோசனை சொன்னதில்லை, மேடம். ராஜபாளையத்தில் யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள். விற்றபின் எட்டிப் பார்க்காத கடைக்காரர்கள் உண்டு. நான் அந்த ரகம் இல்லை.

யோகேஸ்வரி தன் மாமனாருடன் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்தார். கணவர் கௌதம்ராஜ் பட்டாளத்தில், எல்லைப் பக்கம் இருக்கிறார். வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். மாமனார் இருளப்பசாமி ஓய்வுபெற்ற ஏட்டு. கண் மங்கல், நெஞ்சுவலி ஒருமுறை வந்து மாத்திரையில் ஓடிக்கொண்டிருந்த உடம்பு. மகன் வீடியோவில் பேசும்போது போனில் முகம் தெரியவில்லை, டிவியில் பெரிதாகப் பார்க்க வேண்டும் என்றுதான் வந்தார்கள்.

ஒரே பெட்டி போதும் என்ற என் யோசனை பெரியவருக்குப் பிடிக்கவில்லை. "பாட்டுக்கு ஒண்ணு, படத்துக்கு ஒண்ணு, பேசுறதுக்கு ஒண்ணுன்னு இருக்கட்டும் தம்பி. ஒண்ணு படுத்துக்கிட்டாலும் மத்தது ஓடும்லா" என்றார். நியாயமான பேச்சு. அதை அவரிடமே ஒப்புக்கொண்டேன். ஆனால் கண் தெரியாத மனிதர் நாலு ரிமோட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? யோகேஸ்வரி யோசித்துவிட்டு, "அண்ணன் சொல்றதுதான் சரி மாமா" என்றார். வேறொருவர் பேச்சைத் தள்ளி என் பேச்சை எடுத்துக்கொண்ட முதல் ஆள் அவர். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

கேமராவும் மைக்கும் சேர்த்து நானே போய் மாட்டினேன். கோளாறு வந்தால் கடையிலிருந்தே சரிசெய்ய அதற்குள் ஒரு வழி வைத்தேன். எல்லார் வீட்டிலும் வைப்பதுதான். சத்தம் சரியாகக் கேட்கிறதா என்று பார்க்க முதல் வாரம் கொஞ்ச நேரம் கேட்டேன். அப்புறம் கடையில் ஆள் இல்லாத நேரத்தில் கேட்டேன். அரிசி களையும் சத்தம், பெரியவரின் இருமல், யோகேஸ்வரி தனக்குத்தானே முனகும் பாட்டு. ஒரு வீட்டின் சத்தம் மனதுக்கு இதமாக இருக்கும், மேடம். என் வீட்டில் சத்தம் இல்லை.

முதல் கோளாறு உண்மையான கோளாறு. ஒரு மத்தியானம் பெட்டி தானாக அணைந்து தானாக எரிந்தது. போனில் யோகேஸ்வரியின் குரல் நடுங்கியது. "அண்ணே, யாருமே தொடலண்ணே. பயமா இருக்கு, வாரீகளா?" போனேன். நான் போய்ச் சேரும்வரை வாசலிலேயே நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது. காபி கொடுத்தார். அதைப்போல ஒரு காபியை நான் குடித்ததில்லை.

அடுத்த கோளாறுகள் என்னுடையவை. பெரியவர் தூங்கும் மத்தியான நேரத்தில் டிவி எரியும். திரை கறுப்பாக இருக்க, யாரோ சிரிப்பார்கள். யோகேஸ்வரி சமையலறையிலிருந்து ஓடிவருவார், வந்ததும் நின்றுவிடும். ஒருமுறை அவர் பேரை மட்டும் பெட்டி மெதுவாகச் சொல்லும்படி செய்தேன். அன்றைக்கு அவர் சுவரோடு சுவராக ஒட்டி நின்று, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுததைக் கேமராவில் பார்த்தேன். பாவமாகத்தான் இருந்தது. உடனே என் போன் அடித்தது.

இப்படி ஆறேழு மாதம் போயிற்று. பிறகு ஒரு நாள் பெரியவர் பேசுவது கடையில் எனக்குக் கேட்டது. "இந்தச் சனியனை எடுத்துக்கிட்டுப் போயி அந்தப் பய கடையிலயே போட்டுட்டு, தனித்தனியா வாங்கிக்கிடுவோம் தாயி. நீ பயந்து பயந்து எம்புட்டு மெலிஞ்சு போயிட்ட. வெள்ளிக்கிழமை போவோம்."

இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும், மேடம்: நானும் பயந்துதான் செய்தேன். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அந்த வீடு எனக்குக் கேட்காது.

மகன் குரல் வரும் பெட்டியை எந்தத் தகப்பன் திருப்பிக் கொடுப்பான்? அப்படித்தான் யோசித்தேன். கௌதம்ராஜ் பேசியது அத்தனையும் என்னிடம் பதிவாகி இருந்தது. அதில் ஒரு நாள், "அப்பா, சாப்பிடப் போறேன், செத்த நேரத்துல கூப்பிடுறேன்" என்றிருந்தார். அதில் 'சாப்பிட' என்பதை எடுத்தேன். பின்னால் இருந்ததையும் எடுத்தேன். மிச்சம் இரண்டு வார்த்தை. வியாழக்கிழமை மத்தியானம், படம் இல்லாமல், மெதுவாக அதை ஓடவிட்டேன்.

"அப்பா, போறேன்."

எங்கள் பக்கம் வாசல் தாண்டும் யாரும் அப்படிச் சொல்வதில்லை. பால் வாங்கப் போனாலும் 'போயிட்டு வாரேன்'தான். பட்டாளத்துக்காரன் வீட்டில் சொல்லவே வேண்டாம். எனக்குத் தெரியாதா என்று கேட்டீர்கள். நான் வத்திராயிருப்புப் பக்கத்துக்காரன். தெரியும்.

பெரியவர் கட்டிலிலிருந்து எழுந்து டிவியைப் பார்த்து நடந்து வந்தார். "ஏலே கௌதம், என்னலே சொல்லுத?" என்று கேட்டார். திரையைக் கையால் தடவிப் பார்த்தார். அப்புறம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, அப்படியே சாய்ந்தார்.

யோகேஸ்வரி ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டவில்லை. என்னைக் கூப்பிட்டார். ஆறேழு மாதப் பழக்கம். "அண்ணே, மாமா விழுந்துட்டாக. பேச்சு வரல. பயமா இருக்குண்ணே."

"பயப்படாதீங்க தங்கச்சி. யாரையும் கூப்பிட வேண்டாம், கூட்டம் கூடினா அவியளுக்கு மூச்சு முட்டும். நான் இந்தா வாரேன்."

யோகேஸ்வரி வாசலில் போய் நின்றுகொண்டார். உள்ளே பெரியவர் மூச்சு வாங்குவது கடையில் எனக்குக் கேட்டது. அது இடைவெளி விட்டுக் கேட்க ஆரம்பித்த பிறகுதான் வண்டியை எடுத்தேன். வழியில் நிறுத்திப் பெட்ரோல் போட்டேன். டேங்கில் பாதிக்குமேல் இருந்தது.

மாட்டிக்கொண்டது என் இரக்க குணத்தால். பெரியவர் இறந்த துட்டி வீட்டில் யோகேஸ்வரி ஒரு மூலையில் கல்லாக உட்கார்ந்திருந்தார். மனது கேட்காமல் பக்கத்தில் போய், "அழுகாதீங்க தங்கச்சி. கௌதம் தம்பி நல்லாத்தான் இருக்காக. போறேன்னு கேட்டதெல்லாம் பெட்டிக் கோளாறு" என்றேன்.

அவர் தலை நிமிர்ந்து பார்த்தார். அந்த வார்த்தையை அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அவரும் சமையலறையிலிருந்து அதைக் கேட்டவர்தான். ஆனால் புருஷன் எல்லையில் இருக்கும்போது எந்தப் பெண் அதைத் திருப்பி வாயால் சொல்வாள்? எழுந்து, பின்புறமாகவே நகர்ந்து, பெண்கள் கூட்டத்துக்குள் போய் ஒரு அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டார். பல் கிட்டிப்போய் உடம்பு உதறியது. துக்கம் அப்படித்தான் இருக்கும்.

நீங்கள் கேட்டதற்கெல்லாம் சொல்லிவிட்டேன். பெரியவரைக் கொன்றது நான்தான், கையெழுத்துப் போடுகிறேன். கௌதம்ராஜ் விடுப்பில் வந்திருக்கிறார் என்றும், அவர் வாய் திறந்தாலே யோகேஸ்வரி காதைப் பொத்திக்கொண்டு மூலையில் ஒடுங்குகிறார் என்றும், அதனால் அந்த மனிதர் தன் வீட்டில் பேசாமலேயே நடமாடுகிறார் என்றும் சொன்னீர்கள். கேட்க வருத்தமாக இருக்கிறது. ஒருமுறை மட்டும் என்னை யோகேஸ்வரியோடு போனில் பேச விடுங்கள், மேடம். என் குரலுக்கு அவர் என்றைக்கும் பயந்ததில்லை.