கலப்பையைத் தூக்கிய இடம்

ஒரு சின்னக் கதை சொல்றேன்... டீ ஆறினா ஆறட்டும், கேளுங்க. நம்ம தெருமுனை போர்டுல 'காலனி'ன்னு எழுதியிருக்கோம்ல? அது பழைய ரோமாபுரிக்காரன் வார்த்தைங்க. பட்டாளத்துல உழைச்சு ஓஞ்சவனுக்கு, ஜெயிச்ச நாட்டுல நிலம் குடுத்துக் குடியேத்துவான். அந்த ஊருக்குப் பேரு கொலோனியா.

ஊரை எப்படி ஆரம்பிப்பான் தெரியுமா? கலப்பையில மாடு பூட்டி, சுத்தி ஒரு சால் ஓட்டுவான். அந்த உழவுச் சாலுக்குப் பக்கத்துலதான் மதில் வரும். அது சாமி கோடு... யாரும் தாண்டக் கூடாது. வாசல் வர்ற இடத்துல மட்டும் கலப்பையைக் கையில தூக்கிக்கிட்டு நடப்பான். கோடு விழாத இடந்தான் வாசல்.

அப்படிச் சால் ஓட்ட வந்தவரு ஆவுலுஸ்னு ஒரு படைத்தலைவரு. ரோமாபுரி ரோட்டைப் பாத்து ஒரு வாசல் விட்டாச்சு. கிழக்கே திரும்பினா... இடுப்புல குடத்தோட ஒரு பொம்பளை குறுக்கே நிக்கிறா. பேரு விபியா, அந்த மண்ணுக்காரி. அவங்க குடிக்கிற ஊத்து கோட்டுக்கு உள்ள மாட்டிக்கிச்சு, அவ வீடு வெளிய. ரோட்டு வாசல் வழியா சுத்தி வாம்மான்னாங்க. கைப்புள்ளைய வீட்ல விட்டுட்டு அவ்வளவு தூரம் எப்படி வர்றதுன்னு அவ கேட்டா. கோடு அளந்து குடுத்தவரு, பிளான்ல இங்க வாசலே கிடையாதுன்னு ஒரே பிடியா நின்னாரு.

அவ ஆவுலுஸைப் பாத்து மெதுவா கேட்டா: "உங்க வண்டி வர்றதுக்குத் தூக்கினீங்களே ஐயா... என் குடம் வர்றதுக்குத் தூக்கக் கூடாதா?"

அவ கேட்டது நியாயந்தானே? அவ மண்ணு... அவ தண்ணி! மனுஷன் மாட்டை நிறுத்தினாரு. அப்புறம் குனிஞ்சு கலப்பையைத் தூக்கினாரு.

அளந்தவரு பதறிப்போயி, "தலைவரே, இது திருடன் வர்ற வழி"ன்னாரு.

"காவல் போடு. இவளைப் போயி நாம திருடின்னா... இவ நம்மளை என்ன சொல்லுவா?"

மூச்சு வாங்க வாங்கத் தூக்கிக்கிட்டு நடந்தாரு ஆவுலுஸ். அவ வழி விட்டு ஒதுங்கி நின்னா.

இப்ப நம்ம விஷயத்துக்கு வருவோம். கிழக்குச் சந்துல மதில் எழுப்பி அடைக்கணும்னு நம்ம சங்கத்துல தீர்மானம் வந்திருக்கு. ஓடைத் தெரு ஜனங்க பஸ்ஸுக்குப் போற சந்து அது. நாம இங்க மனை வாங்குறதுக்கு முன்னாலேருந்தே அவங்க நடந்த தடம். திருட்டு பயம்ங்கிறீங்க... எனக்கும் பயம் உண்டு, இல்லைங்கலை. செயலாளர் சார், முறைக்காதீங்க, மதிலே வேண்டாம்னு நான் சொல்லலை. ஒண்ணே ஒண்ணு யோசிங்க. கோடு போடுறப்ப பாரம் தெரியாதுங்க, மாடு இழுத்துக்கிட்டுப் போயிடும். வாசல் விடுறப்பத்தான் மனுஷன் தன் கையால தூக்கணும். மதிலுக்கு மேஸ்திரி வந்துருவாரு, செங்கல் வந்துரும்... வாசலுக்கு?

கிழக்கால ஒரு வாசல் வேணும்ங்கிறவங்க... கையைத் தூக்குங்க.