ரிங் ஆகாத லைட்

சில்க் போர்டு சிக்னலில் பஸ் நின்றுவிட்டது. முன் சீட்டில் இரண்டு இளம் டாக்டர்கள், மடியில் மடித்துவைத்த வெள்ளைக் கோட்டு. காது, கண் பார்க்கப் பாக்கெட்டில் வைக்கிற லைட் கருவி ஒன்றை போனில் தேடிக்கொண்டிருந்தார்கள்.

“காது பார்க்கறது மட்டும் வாங்குடி. கண்ணுக்குத்தான் போன் டார்ச் இருக்கே.”

“வேணாம், கண்ணுக்கும் சேர்த்தே வாங்கறேன். அது ரிங் ஆகாது.”

“என்னடி சொல்ற?”

“நேத்து வார்டுல ஒருத்தருக்கு மூச்சு நின்னுடுச்சு. உறுதி பண்ண, கண்ணுல போன் டார்ச் அடிச்சேன். அப்பப் பார்த்து எங்கம்மா கூப்பிட்டாங்க.”

“ஐயோ. கட் பண்ணியா?”

“எங்க பண்றது. ஸ்கிரீன் அவரோட சம்சாரத்தைப் பார்த்து இருந்தது. ‘எடும்மா, அம்மா கூப்பிடறாங்க’ன்னாங்க. அவர் போயிட்டார்னு நான் அதுவரைக்கும் அவங்ககிட்ட சொல்லவே இல்ல.”