முதுகுக்குப் பூச்சு

— அண்ணாச்சி, இதோட நாலாவது தடவை. முதுகுத் தோலு எரியுது. போதும், விட்டிருங்க.

— ஏலே ஜேசுபாதம், அசையாம நில்லு. நீ நெளிஞ்சா பூச்சு கோடு கோடா விழுது. டைரக்டர் என்னையல்லா ஏசுதாரு.

— நான் சங்கு குளிக்கிறவன். கடல்ல குதிக்கத்தானே கூப்பிட்டிய? குதிக்கேன். அதுக்கு எதுக்கு இந்த வெள்ளை மாவு?

— கதாநாயகன் நல்ல செவப்பு. அவருக்குப் பதிலா குதிக்கிற முதுகும் அப்படித்தான் இருக்கணும்.

— கதையில அவரு யாரு?

— தூத்துக்குடியில முத்துக் குளிக்கிறவன்.

— மாதாவே! எங்க தெருவுல வந்து பாருங்க. வெயில்லயும் உப்புத் தண்ணியிலயும் கிடக்கிறவன் எவன் அந்த நிறத்துல இருக்கான்?

— எங்கிட்டக் கேக்காத. நான் உடன்குடிக்காரன், எந்நிறம் மட்டும் என்ன பாலா? மெட்ராஸ்ல இப்படித்தான் கேக்காவ. பூசுதேன்.

— படமே கறுப்பும் வெளுப்பும்தானாமே? அதுல எங்க கறுப்புக்கு மட்டும் இடமில்லையோ?

— பேசாம இரு, கழுத்துல பூசணும்.

— மூணு தடவையும் பாத்திய. வெள்ளையாக் குதிச்சேன், கறுப்பா மேல வந்தேன். கயிறு பிடிக்கிற ரோச் சிரிச்ச சிரிப்புல வள்ளமே ஆடிப்போச்சு.

— சிரிப்பான். உலகச் சண்டை முடிஞ்சும் பிலிம் அளந்துதான் கிடைக்கி. இந்தத் தடவை நீ குதி, போதும். மேல வாரதை அந்தக் கதாநாயகனைக் கரையோரம் முழங்கால் தண்ணியில உக்கார வச்சு எடுத்துக்கிடுவோம்.

— என்னது? மேல வரும்போது எம் முகத்தைக் காட்டுதோம்னுதானே சொன்னிய! அதுக்குத்தானே சம்மதிச்சேன்?

— சொன்னேன். டைரக்டர் மாத்திட்டாரு.

— எம் பொஞ்சாதி ஆக்னஸ், தெரு பூரா சொல்லி வச்சிருக்கா அண்ணாச்சி. கலியாணத்தன்னைக்கு என்னைக் கரிக்கட்டைன்னு சிரிச்ச அவ அக்காமாரு அத்தனை பேரும் கொட்டகைக்கு வாராவ. அவளுக்கு எதைக் காட்டுவேன், இந்த முதுகையா? அதுவும் எம் முதுகு மாதிரியா இருக்கு? துணியத் தாங்க, துடைச்சிட்டுப் போறேன்.

— பொறுலே, பொறு! வள்ளம் காத்து நிக்கி. நான் போயி டைரக்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாரேன்.

— கேளுங்க. வாரது வரைக்கும் இந்த மாவோட வெயில்ல நிக்கேன்.

— ஏலே, சரின்னுட்டாரு! இந்த முதுகை எடுத்து முடிச்சதும், சாயங்காலம் உம் முகம். கிட்டத்துல வச்சு, முழு முகமும்.

— நெசமாவா? மாதா மேல சத்தியமா?

— சத்தியமா. நான் கேட்டதும் உன்னைத் திரும்பிப் பாத்தாரு. "மூணு நாளா இந்த முகத்தைத்தான்யா தேடுதேன்"னாரு.

— பூச்சு?

— ஒரு பொட்டு கூடக் கிடையாது. உள்ளது உள்ளபடி.

— பாத்தியளா! இதைத்தானே காலையில இருந்து தொண்டை கிழியக் கத்துதேன். சரி, கதையில நான் யாரு?

— கள்ளன்.

— கள்ளனா? என்னத்தைக் களவாங்குதேன்?

— இப்ப நீ முங்கி எடுக்கப்போற முத்தைத்தான்.