பச்சை விளக்கு எரிந்ததால் என்னை விட்டுச் சென்றது பற்றி

மேலே எழுதியிருக்கும் பெயர், வயது, முகவரி மூன்றும் என்னுடையவைதான். பல் மருத்துவமனை ஒன்றில் முன்மேசையில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு நேரம் ஒதுக்கிக் கொடுக்கும் வேலை பார்க்கிறேன். என்னைக் காணவில்லை என்று இன்று மதியம் இந்தக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தவர் என் கணவர். அவர் லிஃப்ட் பழுது பார்க்கும் மெக்கானிக். நான் காணாமல் போகவில்லை. இறங்கின இடத்தில் இறங்கினபடியே இருந்தேன். காணாமல் போனது அவரும் அவருடைய ஸ்கூட்டரும்தான். இதை முதலிலேயே எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மேற்படி ஸ்கூட்டரைப் பற்றிச் சொல்லாமல் நடந்ததைச் சொல்ல முடியாது. அது கடைக்குப் போய்வரும் சின்ன வண்டி அல்ல. நெடுந்தூரம் போவதற்கென்றே செய்த பெரிய ஸ்கூட்டர். எங்கள் தெருவில் அதைக் கப்பல் என்பார்கள். அது வீட்டுக்கு வந்தபோது கேட் போதாமல் ஒரு பக்கத்துத் தூணை இடித்துக் கட்டினோம். துணி காயப்போடும் கொடி மாடிக்குப் போனது. அதன் எடைக்கு அவர் ஒருவரால் பின்னால் நகர்த்த முடியாது. ஆகவே தினமும் வேலைக்குக் கிளம்பிய புடவையோடு நான் முன்னால் நின்று தள்ளிக் கொடுக்க வேண்டும்.

வாங்கியபோதே அதில் எல்லாம் இருந்தது. ஆனால் எதுவும் அவருக்கு இருந்தபடி இருக்கக் கூடாது. முன்கண்ணாடி குட்டை, நெற்றியில் காற்று அடிக்கிறது என்று உயரமானதை மாட்டினார். அது கண்ணை மறைக்கிறது என்று வெட்டினார். வெட்டிய இடத்தில் விசில் சத்தம் வருகிறது என்று ரப்பர் ஒட்டினார். அதன் பிறகு ஹாரனை மாற்றினார். அது அடித்தால் லாரி வருகிறது என்று எருமை கூட ஒதுங்கும். இரண்டு பக்கமும் பெட்டிகள், பின்னால் ஒரு பெரிய பெட்டி, மூடுபனி விளக்கு, கால் வைக்க அகலப் பலகை என்று வாரத்துக்கு ஒன்று ஏறிக்கொண்டே போனது. வீட்டில் குளியலறைக் குழாய் அவர் பார்க்கப் பார்க்க ஒழுகிக்கொண்டிருந்தது. அதைச் சொன்னால், அது பிளம்பர் வேலை என்பார்.

முன்பெல்லாம் நான் ஏறி உட்கார்ந்ததும் அவர் தோளில் தட்டுவேன், அவர் கிளம்புவார். ஒரு நாள் அது சரியான முறை இல்லை என்றார். லிஃப்டில் கதவு முழுதாக மூடினால்தான் சுவிட்ச் அமுங்கும், அமுங்கினால்தான் மேலே போகும், ஆளைக் கேட்டு நகர்த்துகிற பேச்சே கிடையாது என்று விளக்கம் சொன்னார். சொல்லிவிட்டு, பின்சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்சும் மீட்டருக்குப் பக்கத்தில் ஒரு பச்சை விளக்கும் பொருத்தினார். சீட்டில் பாரம் ஏறினால் விளக்கு எரியும். “இனிமே நீ தட்டவே வேணாம். பச்சை எரிஞ்சா நீ இருக்கேன்னு அர்த்தம்” என்றார். திரும்பிப் பார்த்தால் தெரியாதா என்று நான் அப்போதே கேட்டேன். ஹெல்மெட் போட்டுக்கொண்டு எப்படித் திரும்புவது என்றார்.

அதன் பிறகு எனக்கு வயிற்றில் கட்டி இருப்பது தெரிந்தது. எடுத்துப் பார்த்தால்தான் எப்படிப்பட்ட கட்டி என்று சொல்ல முடியும் என்றார் டாக்டர். அறுவை சிகிச்சை நாளன்று என் கணவர் என்னை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு, வண்டியை நிறுத்திவிட்டு வருகிறேன் என்று போனார். போனவர் போனவர்தான். வெளியூரில் இருக்கும் என் தங்கைக்கு நானே போன் செய்தேன். அவள் போட்டது போட்டபடி பஸ் பிடித்து வந்து கையெழுத்துப் போட்டாள். உள்ளே தள்ளிக்கொண்டு போகும் வரை நான் வராந்தாக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டி கெட்டது இல்லை என்று பிறகு தெரிந்தது. மறுநாள் அவர் வந்தார். வந்து, செல்போனில் ஒரு படம் காட்டினார். என் சீட்டுக்குப் புதிதாகச் செய்த முதுகுச் சாய்மானமும், இரண்டு பக்கமும் கை வைக்கப் பிடியும். “சாஞ்சுக்கிட்டே வரலாம், பாரு” என்றார். எனக்கு வந்த கோபத்துக்குக் கத்தினால் தையல் பிரிந்துவிடும் என்று சும்மா இருந்தேன்.

ஏன் வரவில்லை என்று அன்றிலிருந்து இன்று காலை வரை அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. கேட்டால், சீட்டு ரெக்சின் நிறம் பிடித்திருக்கிறதா என்று கேட்பார். எனக்கு அலுத்துப் போயிற்று. உடம்பு தேறியதும், தங்கை வீட்டுக்குப் போய் அங்கேயே இருந்துவிடுவது என்று முடிவு செய்தேன். கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று அவரிடம் சொன்னேன். பஸ்ஸில் போனால் முதுகு நோகும், சாய்மானம் எதற்கு இருக்கிறது என்று ஒற்றைக் காலில் நின்றார். வாதாடத் தெம்பில்லாமல் ஒத்துக்கொண்டேன்.

இன்று காலை கிளம்பினோம். பெட்டிகளில் என் பை வைக்க இடம் இல்லை. பஞ்சர் சாமான், காற்றடிக்கும் பம்பு, கயிறு, மழைக்கோட்டு, எதற்கென்று அவருக்கே தெரியாத ஒரு சங்கிலி எல்லாம் உள்ளே சொகுசாக இருந்தன. திரும்பி வராதவளுக்கு வேண்டிய துணி முழுவதும் இருந்த பையை நான் மடியில் வைத்துக்கொண்டு போனேன். எங்கள் இருவர் ஹெல்மெட்டிலும் பேசிக்கொள்ளும் கருவி வைத்திருக்கிறார். நெடுஞ்சாலை ஏறியதும், முகத்தைப் பார்க்காமல் சொல்வது சுலபம் என்று அதிலேயே சொன்னேன். “நான் திரும்பி வர்றதா இல்லைங்க. அங்கேயே இருந்துடப் போறேன்.” அதன் பிறகு அவர் குரல் வந்தது. “கண்ணாடிக்கு மேல காத்து அடிக்குதா உனக்கு?” என்று கேட்டார். நான் கருவியை அணைத்துவிட்டேன்.

அதன் பிறகு பெட்ரோல் பங்க்கில் நிறுத்தினார். நான் இறங்கி, பையைச் சீட்டில் வைத்து, விழாமல் இருக்கப் பை வாரைக் கைப்பிடியில் மாட்டிவிட்டு, கழிவறைக்குப் போனேன். போய்விட்டு வருகிறேன் என்று சொன்னேனா என்று அதிகாரி கேட்கிறார். சொல்லவில்லை. அவரோடு பேசுகிற நிலையில் நான் இல்லை. அவர் பெட்ரோல் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஹெல்மெட்டைச் சீட்டிலும் தரையிலும் வைக்கக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம், அதனால் அதைக் கையிலேயே எடுத்துக்கொண்டு போனேன். செல்போன் பையில் இருந்தது.

நான் வெளியே வந்தபோது ஸ்கூட்டர் சாலையில் ஏறிக்கொண்டிருந்தது. என் பை சாய்மானத்தில் சாய்ந்துகொண்டு நிம்மதியாகப் போயிற்று. பாரம் ஏறியது, பச்சை எரிந்தது, கிளம்பிவிட்டார். லிஃப்டுக்குள் யார் இருக்கிறார்கள் என்று எட்டிப் பார்க்கிற வழக்கம் அந்த வேலையில் கிடையாது போலும். நான் வாய் பேசாமல் இருந்ததும் அவருக்குப் புதிது இல்லை.

அவரை ஏன் கூப்பிடவில்லை என்று அதிகாரி இரண்டு முறை கேட்டார். நடந்தது இதுதான். ஹெல்மெட்டை மாட்டிக் கருவியைப் போட்டேன். அவர் குரல் கேட்டது. அவர் பேசிக்கொண்டிருந்தார். “அன்னைக்கு நான் ஆஸ்பத்திரிக்கு வராததுக்கு” என்றார். நிறுத்துங்கள் என்று நான் ஒரு சத்தம் போட்டிருந்தால் நின்றிருப்பார். போடவில்லை. இத்தனை நாள் நான் காத்திருந்த பேச்சு அது. குறுக்கே பேசினால் நிறுத்திவிடுவார் என்று வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். “வராததுக்கு என்ன காரணம்னா” என்றார். அதோடு இரைச்சல். வண்டி எட்டாத தூரத்துக்குப் போய்விட்டது. சாலையோரம் கொஞ்ச தூரம் ஓடினேன். தையல் போட்ட இடம் சுருக்கென்றதும் நின்றேன். நான் அழுததை எழுதுவதானால் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு ஆட்சேபணை இல்லை.

அதன் பிறகு பங்க்கில் பணம் வாங்கும் பெண் என்னைத் தன் அறையில் உட்கார வைத்து, பேசச் சொல்லித் தன் போனைக் கொடுத்தாள். எனக்கு ஒருவர் நம்பரும் மனப்பாடமாகத் தெரியவில்லை. தெரிந்தது எங்கள் வீட்டுப் பழைய தொலைபேசி நம்பர் மட்டும். அந்த இணைப்பை எடுத்துவிட்டு எவ்வளவோ காலம் ஆகிறது. ஆகவே அவர் வருவார் என்று காத்திருந்தேன். கருவியை அணைக்காமல் வைத்திருந்ததில் அதன் பேட்டரியும் தீர்ந்தது.

அவர் தங்கை வீட்டு வாசலில் நிறுத்திய பிறகுதான் பையைப் பார்த்திருக்கிறார். பாதி வழியில் நான் விழுந்துவிட்டேனோ என்று சாலையோரப் பள்ளங்களைப் பார்த்துக்கொண்டே திரும்பியிருக்கிறார். அது உண்மை என்று அவர் பேன்ட்டில் இருக்கும் சேற்றைப் பார்த்தால் தெரிகிறது. ஆனால் பங்க்கில் விசாரிக்கிறேன் என்று, சாலைக்கு அந்தப் பக்கம் அச்சாக அதே மாதிரி இருக்கும் வேறு பங்க்கில் போய் விசாரித்திருக்கிறார். அப்படி ஒரு பெண் இங்கே வரவே இல்லை என்று அவர்கள் உள்ளதைச் சொன்னார்கள். அவர் நேராக இங்கே வந்து புகார் கொடுத்துவிட்டார். நான் என்ன நிறப் புடவை என்று கேட்டதற்குத் தெரியவில்லை என்றாராம். ஹெல்மெட்டின் நிறம், அளவு, பக்கவாட்டில் இருக்கும் கீறல் வரை சொன்னாராம். அவர் கொடுத்த படத்தில் ஸ்கூட்டர் முழுதாக இருக்கிறது, நான் பாதி இருக்கிறேன். அந்தப் படத்தை வைத்து என்னைக் கண்டுபிடித்த இரண்டு காவலர்களுக்கும் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

இங்கே கூட்டி வந்தபோது அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, “பை வாரு கைப்பிடியில மாட்டியிருந்துச்சு, அதான் விழவே இல்ல” என்றார். என் பொறுமை அங்கேதான் போயிற்று. நான் சத்தம் போட்டதற்கு நிலையத்தில் இருந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

“வராததுக்கு என்ன காரணம்னு சொன்னீங்க? அதைச் சொல்லுங்க முதல்ல.”

“நீ கேக்கலையா?”

“நான் எங்க கேட்டேன்? பைதானே உக்காந்து கேட்டுச்சு!”

“ரொம்ப நேரம் பேசினேன். நீ ஒண்ணுமே சொல்லலன்னதும் இன்னும் கோவமா இருக்கேன்னு நெனச்சு மறுபடி மொதல்லேருந்து சொன்னேன்.” அதன் பிறகு, “இப்ப திருப்பிச் சொல்ல வராது” என்று தலையைக் குனிந்துகொண்டார்.

அப்படியானால் நானும் என் வாக்குமூலத்தைச் சொல்ல மாட்டேன், கையெழுத்தும் போட மாட்டேன் என்றேன். எழுத வந்த காவலர் பேனாவை மூடி வைத்தார். என் கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் சுவரைப் பார்த்தபடியே சொன்னார்.

“லிஃப்ட் நின்னுபோனா எங்க கை வைக்கணும்னு எனக்குத் தெரியும். அந்த டாக்டர் சொன்னதுல எங்க கை வைக்கறதுன்னு தெரியல. வாசல் வரைக்கும் வந்தேன், கால் உள்ள வரல. நேரா பட்டறைக்குப் போயிட்டேன். நீ வந்து உக்காருவேன்னு நெனச்சுக்கிட்டே அந்தச் சீட்டைச் செஞ்சேன். செய்யறதை நிறுத்தினா நீ திரும்பி வரமாட்டேன்னு தோணிச்சு.”

ஆனால் நான் கதவைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்ததை அவர் சொன்னது மாற்றிவிடாது. அதை அவரிடமே சொன்னேன். சரி என்றார். கணவர் மேல் புகார் உண்டா என்று அதிகாரி கேட்கிறார். நிறைய உண்டு. நிலையத்தில் எழுதிக்கொள்ளக் கூடியது ஒன்றும் இல்லை.

எங்கே போகப் போகிறீர்கள் என்ற கேள்விக்கு, கிளம்பியபடியே தங்கை வீட்டுக்குப் போகிறேன் என்று சொன்னேன். மேற்படி ஸ்கூட்டரிலேயே கொண்டுபோய் விடுகிறேன் என்று அவர் சொன்னார், ஒத்துக்கொண்டேன். அதன் பிறகு அவர் வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, “காலைல சொன்னியே, திரும்பி வர்றதா இல்லன்னு. நெஜமாவா?” என்று கேட்டார். நான் சொன்னது அவர் காதில் விழுந்திருக்கிறது, அப்போதே விழுந்திருக்கிறது, பயந்துபோய்த்தான் காற்றைப் பற்றிக் கேட்டிருக்கிறார் என்பது எனக்கு இப்போதுதான் தெரிய வந்தது. அவர் கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அந்தப் பதில் இந்தத் தாளுக்கு உரியது அல்ல.

மேலே கண்டவை நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்டவை. வாசித்துக் காட்டக் கேட்டேன். ஒரு வரியும் கூடவில்லை, குறையவில்லை, அத்தனையும் நடந்தவை. யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் என் விருப்பத்தின்படியே புறப்படுகிறேன்.

(கையொப்பம்)
காணவில்லை என்று புகாரில் சொல்லப்பட்டவர்