பங்காளின்னு எழுதாதே

ஷாபாஸ்: எடுடா, மூணாவது தடவ அடிக்குது.

மாரிச்செல்வம்: அக்காடா! நெட்ல நம்ம பக்கத்துல முகம் தெரியுற மாதிரி நேத்துதான் முதல் படம் போட்டோம், அதுக்குள்ள...

ஷாபாஸ்: பார்த்துட்டாங்களோ? புரொஃபைல்ல சேவல் படம் வச்சிருக்காரே, யாருன்னே தெரியாத நம்ம ரசிகர், அவர் எப்பவும்போல முதல் ஹார்ட் போட்டாச்சு. அந்த தைரியத்துல எடு. ஸ்பீக்கர்ல போடு, நான் வாயே திறக்கமாட்டேன்.

மாரிச்செல்வம்: ...சொல்லுக்கா.

பாண்டிச்செல்வி: ஏலே, கொச்சி மட்டாஞ்சேரியில நமக்கு யாருலே பங்காளி?

மாரிச்செல்வம்: பங்காளியா?

பாண்டிச்செல்வி: படத்துக்குக் கீழ போட்டிருக்கே, 'நானும் என் பங்காளியும்'னு. தாத்தா நிலத்துல பங்கு கேட்டு வந்திருக்கானா?

மாரிச்செல்வம்: அது ஷாபாஸ் எழுதுனதுக்கா. அவன் படிச்சது மலையாளம். அதுல வேற அர்த்தம்.

பாண்டிச்செல்வி: வேறன்னா?

மாரிச்செல்வம்: கூட... கூட இருக்கிறவன்.

பாண்டிச்செல்வி: ரூம்லயா?

மாரிச்செல்வம்: ரூம்லயும்...

பாண்டிச்செல்வி: 'லயும்'னா?

மாரிச்செல்வம்: குடோன்ல லோடு வந்திருக்கு, வைக்கட்டாக்கா?

பாண்டிச்செல்வி: வச்சுருவியோ! ஒரு வருசமா கழுத்துக்குக் கீழதானலே படம் போட்டீக?

மாரிச்செல்வம்: ஒரு வருசமாவா! உனக்கெப்படி...

பாண்டிச்செல்வி: நீலச் சட்டையில ஒரு பொத்தான் மட்டும் பச்சை. தச்சுவிட்டவளுக்குத் தெரியாதா? இந்த மாதிரி ஆம்பள ஜோடிக போடுற மத்த பக்கமும் பாத்தேன். பூரா வெள்ளக்காரனுவ, இல்லாட்டி ஜிம்முக்குப் போற பயலுவ. உங்க பக்கத்துலதான் கைலியும் தொந்தியுமா, கப்பைக்கிழங்கும் மீனும் தின்னுக்கிட்டு நம்ம ஆளுக மாதிரி இருந்துச்சு. தலையத்தான் காணோம்!

ஷாபாஸ்: சேச்சி, தொந்தி எனக்கில்ல, அவனுக்கு!

மாரிச்செல்வம்: வாயே திறக்கமாட்டேன்னியேடா!

பாண்டிச்செல்வி: ஓ, ஒட்டுக்கேக்குறீகளா?

ஷாபாஸ்: மன்னிக்கணும் சேச்சி. என் தமிழ்ல எங்க தப்பு?

பாண்டிச்செல்வி: பங்காளின்னா எங்க ஊர்ல அண்ணன் தம்பி முறையாக்கும். பங்காளிய எவனாச்சும் கட்டிக்குவானா?

மாரிச்செல்வம்: அக்கா... நீ திட்டுவேன்னு நெனச்சேன்.

பாண்டிச்செல்வி: திட்டத்தாம்லே போன் போட்டேன். முறைய மாத்தி எழுதினா ஊரு சிரிக்காதா?

ஷாபாஸ்: அப்ப என்ன எழுத?

பாண்டிச்செல்வி: மாப்பிள்ளைன்னு எழுதுங்க.

ஷாபாஸ்: ஐயோ! எங்க நாட்டுல முஸ்லிமுக்கே மாப்பிளன்னுதான் பேரு. பிறந்ததுலேருந்தே நான் மாப்பிளதான்!

பாண்டிச்செல்வி: நல்லதாப் போச்சு, ஒரே சொல்லு ரெண்டுக்கும் ஆச்சு.

மாரிச்செல்வம்: யக்கா, நெசமாவா சொல்லுத?

பாண்டிச்செல்வி: அழுவாதலே... சட்டுனு மாத்துங்க. இன்னொரு ஹார்ட் போட இங்க ஒரு சேவல் காத்துக்கிட்டு இருக்குல்ல.